தர ரத்தம்

பதினான்கு மாதங்கள் நான்தான் இயல்பான மனிதனாக இருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, எங்கள் ஆய்வகக் கோப்பில் அப்படித்தான் போட்டிருக்கும்: 'தர ரத்தம் கொடுப்பவர்: ஆர். நல்லசிவம், வயது 44, இயல்பு.' சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஊரில் எத்தனை பேருக்கு அப்படி எழுத்தில் கிடைத்திருக்கிறது?

காலை ஏழே முக்காலுக்கு சரவணம்பட்டியில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருப்பேன். ஏழு ஐம்பதுக்கு இடது கை மோதிர விரலில் ஒரு குத்து. அந்தச் சொட்டு எந்திரத்துக்குள் போகும். இன்றைக்கு ஒரு நல்ல ரத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்திரம் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் ஊரார் ரத்தம். முகாம்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் நாளைக்கு இருநூறு பேருடையது வரும்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்தாள். தூத்துக்குடிக்காரி, இருபத்தாறு வயது, வாயைத் திறந்தால் கேள்விதான். முதல் நாளே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், இந்த மிசினுக்குள்ள இருக்க சில்லு எவ்வளவு பெருசு?"

"சுண்டுவிரல் நகம் இருக்குதே, அத்தனைதான் அம்மிணி. அதுக்குள்ள வெளிச்சம் போறதுக்குப் பாதை போட்டிருக்குது. கம்பியில கரண்ட் போற மாதிரி லேசர் வெளிச்சம் வளைஞ்சு நெளிஞ்சு போகும். நடுவுல முடியக் காட்டியும் மெல்லிசா ஒரு வாய்க்கா. ரத்தம் அதுல ஒத்த வரிசையில ஓடும். ஒவ்வொரு செல்லும் தாண்டறப்ப ஒரு படம். ஓடற பஸ்ஸ நிறுத்தாமயே உள்ள இருக்கற அத்தன பேரையும் தனித்தனியா போட்டோ எடுக்கற மாதிரி."

"ஒரு செகண்டுக்கு எத்தன படம் சார்?"

"பத்து லட்சம்."

"யம்மா!" என்று வாயில் கை வைத்தாள். அடுத்த கேள்வி உடனே வந்தது. "இவ்வளவு பெரிய மிசினுக்கு நீங்க எதுக்கு சார்?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன். அந்தச் சில்லுக்குக் குழந்தை உடம்பு. அறையில் அரை டிகிரி சூடு ஏறினால் வெளிச்சத்தின் பாதை மாறிவிடும், படமும் மாறிவிடும். பிளாஸ்டிக் மணிகளை ஓடவிட்டுச் சரிபார்த்தோம். மணி உருண்டுகொண்டு போகும், செல் நெளிந்துகொண்டு போகும், இரண்டும் ஒன்றாகாது. உயிருள்ள ரத்தம்தான் வேண்டும் என்றாகிவிட்டது. முதலில் ஆறு பேர் கொடுத்தோம். ஆறு பேரும் ஆறு மாதிரி. ஒருவன் முந்தின நாள் குடித்திருப்பான், ஒருத்திக்குச் சளி, இன்னொருத்தர் மதுரைக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வருவார். வரைபடம் குதியோ குதியென்று குதித்தது. சில்லை வடிவமைத்தவரும் எங்கள் நிறுவனத்தின் தலைவருமான டாக்டர் மீனலோசனி மேடம்தான் ஒரு நாள் சொன்னார், ஒரே ஆளாக வைத்துக்கொள்வோம், ஒரு நாளும் லீவு போடாத ஆளாக.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் சில்லுக்காகவே வாழ்ந்தேன். காலையில் மூன்று இட்லி, சட்னி இல்லாமல். ஒன்பதரைக்குப் படுக்கை. கல்யாணம், கருமாதி எதற்கும் வெளியூர் போவதில்லை. "என்னக் கட்டிக்கிட்டீங்களா, அந்த மிசினக் கட்டிக்கிட்டீங்களா?" என்று என் மனைவி தமயந்தி கேட்காத நாளில்லை.

எந்திரம் தேடுவது ஒரே ஒரு பொருளை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையின் உட்கருவில் துணி மடிந்தது போல ஒரு கோடு விழும். நாங்கள் அதை 'மடிப்பு' என்போம். ரத்தப் புற்றுநோயில் மெதுவாக வளர்கிற ரகம் ஒன்று உண்டு, அதன் அரும்பு நிலை இது. சாதாரண சோதனையில் தெரிய மூன்று நான்கு வருடம் ஆகும். எங்கள் எந்திரம் முன்பே சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். ஆரம்பத்தில் தொட்டதற்கெல்லாம் சிவப்பு போட்டது. மருத்துவமனைக்காரர்கள், "அனுப்புகிற ஆளுக்கெல்லாம் ஒன்றுமில்லையே" என்று சலித்துக்கொண்டார்கள். கோடைக்குப் பிறகு சிவப்பு குறைந்தது. வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று. எந்திரம் பக்குவப்பட்டுவிட்டது என்று மேடம் கேக் வெட்டினார். முதல் துண்டு எனக்குத்தான்.

கார்த்திகையில் என் தங்கை பூங்கோதையின் இரட்டைப் பெண்களுக்குக் காதுகுத்து வந்தது. காங்கேயம் பக்கம் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். "உன்ற விரலக் குத்தறதுக்கு ஆள் மாத்திக்கலாம், எம் புள்ளைக காது குத்த மாமன மாத்த முடியுமா?" என்று தங்கை ஒரே பிடியாக நின்றாள். நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஜெசிந்தாவின் விரல் என் இடத்துக்கு வந்தது. மூன்று இட்லி, சட்னி கூடாது என்று அவளிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கோயிலில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு ஐம்பது ஆனால் மோதிர விரல் அரித்தது. ஒரு பெண் மடியில், ஒரு பெண் தோளில் வீறிட்டுக்கொண்டிருக்க, காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்தபோது சட்டைப்பையில் போன் துடித்தது. மேடம். பிள்ளையைப் பிடித்த கையோடு காதில் வைத்தேன்.

"நல்லசிவம், மூணு நாள்ல பதினோரு சிவப்பு. அறுநூறு பேருக்குப் பதினொண்ணு. என்ன நடக்குதுன்னே புரியலை."

"அந்தப் பொண்ணோட ரத்தம் சரியில்லீங் மேடம்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

தமயந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க நாலு நாள் லீவு போட்டா ஊரே சீக்காளி ஆயிருமாட்ட இருக்குதே," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நேராக ஆய்வகத்துக்குப் போனேன். சிவப்பு விழுந்தவர்களுக்கு, இன்னும் தீர்மானமாகவில்லை, மறுபரிசோதனை என்று தகவல் மட்டும் போயிருந்தது. சனிக்கிழமை நண்பகலுக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும், அது விதி. சிவப்பை ரத்து செய்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்புவதானால் தரப் பிரிவின் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து.

என் விரலைக் குத்தி எந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அந்தத் தரத்தில் ஜெசிந்தாவின் ரத்தத்தை ஓடவிட்டோம். ஊராருக்கு எந்திரம் அதிகம் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். தரம் கொடுக்கிற ஆளுக்கு இரண்டு பக்கமும் பார்க்கும், அதிகமும் குறைவும். ஜெசிந்தாவுக்கு மஞ்சள் விளக்கு விழுந்தது. ஏதோ ஒரு வகைச் செல் அவளிடம் குறைவு.

"பாத்தீங்களா மேடம்? இவளுக்குத்தான் என்னமோ பத்தல," என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜெசிந்தாவின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "சார், என்னைய உங்கள வச்சுப் பாக்கீங்க. உங்கள என்னைய வச்சு யாராவது பாத்தீங்களா?"

"அம்மிணி, பதினாலு மாசமா நாந்தான் தரம்."

"அதான் சார் கேக்கேன். பதினாலு மாசமா உங்கள யாரு பாத்தா?"

கோபம் மூக்குமேல் வந்தது. அதற்குள் வரவேற்பிலிருந்து அழைப்பு. பதினோரு பேரில் ஒருவர் நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பழனியம்மாள், ஐம்பது வயது இருக்கும், ஸ்பின்னிங் மில்லில் வேலை. மடியில் மஞ்சள் பை. பைக்குள் நாங்கள் கொடுத்த பழைய அறிக்கை, பாலித்தீன் உறையோடு.

"சித்திரையில மில்லுல கேம்ப் போட்டப்ப ஒண்ணுமில்லைன்னு குடுத்தீங்களேங்க," என்று அதை நீட்டினார். "இப்பப் பாத்தா சந்தேகம்ங்கறீங்க. எதுங்க நெசம்?"

வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் மாதம், என் தரத்தில் எடுத்தது, பச்சை விளக்கு. எனக்கு அது கைமேல் கிடைத்த சாட்சி. "இதுதானுங்க நெசம்," என்று பழைய தாளைத் தட்டிக் காட்டினேன். "புதுசா வந்த பொண்ணு பண்ணின தப்புங்க அது. நீங்க ஒண்ணுக்கும் கவலப்பட வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வாங்க, நல்ல ரிப்போர்ட்டா எங்கையாலயே தர்றேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நல்லா இருப்பீங்க சாமி. கழுத்துல ரெண்டு மாசமா நெறி கட்டியிருக்குதுங்க. நீங்கதான் ஒண்ணுமில்லைன்னு குடுத்திருக்கீங்களே, சளியா இருக்கும்னு மாத்திரயப் போட்டுட்டு சிப்டுக்குப் போயிட்டு இருந்தனுங்க."

படியேறும்போது அந்த நெறி என்ற சொல் கூடவே வந்தது. கழுத்தில் இப்படி வீங்குவது நாங்கள் தேடுகிற நோய்க்கும் ஒரு அடையாளம். எட்டுப் படி ஏறினேன், நின்றேன், மறுபடி ஏறினேன். பதினோரு பேரில் மூன்று பேர் ஏற்கெனவே என் தரத்தில் பச்சை வாங்கியவர்கள். ஜெசிந்தாவின் தப்புக்கு அது சாட்சி என்று நான் நினைத்தேன். அதே மூன்று பேரைக் காட்டித்தான் ஜெசிந்தா மேலே மேடத்திடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

"எந்திரமே வேண்டாம் மேடம். பழைய முறைப்படி கண்ணாடித் தகட்டுல ரத்தத்தத் தேச்சு, சாயம் போட்டு, சாதா மைக்ராஸ்கோப்ல நீங்க பாருங்க. மூணு தகடு. எனக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு, இப்ப வந்த அம்மாவோட ரத்தத்துல ஒண்ணு. பேர் போட மாட்டேன், நம்பர் மட்டும் போடுதேன். எது யாருதுன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்."

மேடம் என்னைப் பார்த்தார். "தாராளமாப் பாருங்க மேடம்," என்று விரலை நீட்டினேன். வலிக்கவே இல்லை.

மேடம் அந்த மைக்ராஸ்கோப்பைத் தொட்டு வருடக்கணக்காகியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஐந்நூறு வெள்ளை அணுக்களையாவது பார்க்க வேண்டும் என்று ஜெசிந்தா பிடிவாதமாக நின்றாள். இரண்டரை மணி நேரம் ஆனது. நான் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி போய்க் குடித்தேன். ஜெசிந்தா ஒரே இடத்தில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தனக்கு நோய் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாமல் அந்தப் பிள்ளை இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். "ரெண்டாம் நம்பர் சுத்தமா இருக்கு. ஒண்ணுலயும் மூணுலயும் மடிப்பு. ஒண்ணுல நூத்துக்கு ரெண்டு. மூணுல நூத்துக்கு நாலு."

"பாவம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "ஜெசிந்தாவுக்கு இந்த வயசுல... எந்த ஆஸ்பத்திரின்னு பாத்து நாமளே சேத்திவிடலாம் மேடம்."

ஜெசிந்தா உறையைப் பிரித்துத் தாளை மேசையில் வைத்தாள். ஒன்று, பழனியம்மாள். இரண்டு, ஜெசிந்தா. மூன்று, நல்லசிவம்.

தாளை எடுத்து மறுபடி படித்தேன். முதலில் வந்தது பயம்கூட இல்லை, கோபம். யாரோ தகட்டை மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது. அப்புறம்தான் பயம் வந்தது. அதற்கும் பிறகு, மெதுவாக, மற்றது புரிந்தது. எந்திரம் என் ரத்தத்தில் இருப்பதையெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளும். என்னிடம் மடிப்பு இருந்தால் மடிப்பும் நல்லதுதான். ஜெசிந்தாவிடம் குறைவு என்று காட்டியதும் அதைத்தான். என்னைப் போன்றவர்கள் வந்தபோதெல்லாம் அது பச்சை விளக்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. சிவப்பு குறைந்தது அதனால்தான். அதற்குத்தான் கேக் வெட்டியிருந்தோம்.

"எப்பலேர்ந்து?" என்று மேடம் தனக்குள் கேட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். ஊரார் படங்களை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும், சட்டம் அப்படி. தர ரத்தத்தின் படங்கள் மட்டும் முதல் நாளிலிருந்து இருக்கும். பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். நவம்பரில் இருந்தது. ஜூலையில் இருந்தது. மே, ஏப்ரல். மார்ச் எட்டில் இல்லை. மார்ச் ஒன்பதாம் தேதி, என் லட்சக்கணக்கான செல்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு, மடிப்போடு.

"ஆனா எந்திரம் எப்படிச் சும்மா இருந்துச்சு?" மேடம் நெற்றியைச் சுருக்கினார். "இன்னிக்குத் தரத்தை நேத்தையதோட ஒப்பிட்டுப் பாக்கணுமே. நான்தானே அதை எழுதினேன்."

குறிப்பேட்டுப் பக்கத்தைத் திறந்தார். மார்ச் ஒன்பது, காலை ஏழு ஐம்பத்து நான்கு. 'இன்றைய தர ரத்தம் நேற்றையதிலிருந்து விலகுகிறது. ஏற்கலாமா?' அதற்குக் கீழே பதில்: 'ஏற்கலாம். ந.சி.' பத்தாம் தேதியும் அதே கேள்வி, அதே பதில். பதினொன்று, பன்னிரண்டு. மொத்தம் இருபத்து மூன்று காலை. அதற்குப் பிறகு கேள்வி இல்லை. ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் கற்றுக்கொண்டு நிறுத்திவிடும்படி மேடம் எழுதியிருந்தார்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் ஏறத் தொடங்கிய மாதம், குளிர்சாதனம் மக்கர் செய்துகொண்டிருந்தது. சில்லு சூடாகிவிட்டது, அதனால்தான் உளறுகிறது என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? அதே மூன்று இட்லி, அதே தூக்கம், ஒரு நாள் லீவு கிடையாது. நான் மாறவில்லை என்பதில் எனக்கு அரை நொடி சந்தேகம்கூட வரவில்லை. நடுவில் ஒரே ஒரு நாள் லீவு போட்டிருந்தால், வேறு யார் விரலாவது உள்ளே போயிருந்தால், அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய் தமயந்தியிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "உங்களுக்கு வைத்தியம் பாத்துக்கலாம். அவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு என் கை தானாக எந்திரத்தின் பக்கம் நீண்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். ஜெசிந்தா பார்த்துவிட்டாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள்.

மேடம் என் கையெழுத்துக்காக ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. 'தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கி, முடிவு தாமதமானது, மருத்துவரைப் பாருங்கள் என்று முடிந்தது. போக வேண்டியது பதினோரு பேருக்கு மட்டும்.

"மார்ச்லேர்ந்து நாப்பத்தாறாயிரம் பேர் மேடம்," என்றேன்.

"தெரியும். அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டா, நாளைக்கு இந்தக் கதவைத் திறக்க முடியாது நல்லசிவம். பன்னெண்டு வருஷ உழைப்பு இந்தச் சில்லு. நாளையிலேர்ந்து பத்துப் பேர் ரத்தத்தைக் கலந்து தரம் வைக்கலாம். மார்ச்லேர்ந்து வந்தவங்க அடுத்த வருஷம் எப்படியும் சோதனைக்கு வருவாங்க. அப்பக் கண்டுபிடிச்சிடலாம்." கொஞ்சம் நிறுத்தி மெதுவாகச் சொன்னார். "குறிப்பேடு நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். உங்க பேரும் வெளிய வராது."

பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இனித்தது. நாற்பத்து நான்கு வயது, தலைக்கு மேல் நோய், கூடவே ஊர் வாயில் விழ யாருக்கு ஆசை? பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறாயிரம் பேர் என் மனதில் வரவில்லை. அவ்வளவு பேரை யாராலும் நினைக்க முடியாது. பாலித்தீன் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாள்தான் வந்தது. கழுத்தில் நெறி கட்டிய பிறகும் பழனியம்மாள் அந்தத் தாளை நம்பியிருக்கிறார்.

'தொழில்நுட்பக் கோளாறு' என்பதை அடித்தேன். எந்திரம் எச்சரித்தது, தரப் பிரிவுப் பொறுப்பாளர் அதைப் புறக்கணித்தார் என்று எழுதிக் கீழே முழுப் பெயரையும் போட்டேன். பதினொன்று என்ற எண்ணையும் அடித்துவிட்டு, மார்ச் ஒன்பதுக்குப் பிறகு வந்த எல்லோருக்கும் என்று மாற்றினேன். மேடம் வாசித்தார். தடுக்கவில்லை. தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, "அனுப்பிடுங்க," என்றார். பதினொன்றரைக்கு ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள்.

பன்னிரண்டு மணிக்குப் பழனியம்மாள் வந்தார். தலைக்குக் குளித்து, பூ வைத்து, முந்தின நாளைவிட நல்ல சேலை. கையில் எலுமிச்சம்பழம் ஒன்று. எனக்குத்தான் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னேன். சந்தேகம் நிஜம்தான், சித்திரையில் கொடுத்த தாள்தான் தப்பு, அந்தப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை எந்த மருத்துவமனையில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய சீட்டைக் கொடுத்தேன். எனக்கும் அதே நோய், நானும் அதே டாக்டரிடம்தான் போகிறேன் என்றேன்.

அவர் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அப்ப அந்த மிசினு ஒண்ணுமே சொல்லலீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லுச்சுங்க. இருபத்தி மூணு தடவ சொல்லுச்சு. எங்கிட்டத்தான் சொல்லுச்சு. எனக்கென்ன வந்துரப் போகுதுன்னு நாந்தானுங்க தள்ளிவிட்டுட்டேன்."

பழனியம்மாள் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கழுத்தை ஒரு முறை தடவிக்கொண்டார்.

"எங்கிட்ட ஒருக்காச் சொல்லியிருந்தாப் போதுமுங்களே," என்றார்.